ஒரு நெல்லிக்காய் அளவு

நூம்பல் சேரியிலிருந்து நாகப்பனைக் கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தபோது, வேலப்பன்சாவடி தர்ம ஆஸ்பத்திரியில் காலைக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தை மாதத்து அறுப்பு. நெற்கட்டைத் தலைக்கு ஏற்றும்போது அவனுக்குக் குடல் இறங்கிவிட்டது. அது அவனுக்குப் புதிதல்ல. பல வருஷமாகவே இறங்கும்; வரப்பில் மல்லாந்து படுத்து, கையால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி அரிவாளை எடுத்துக்கொள்வான். இந்த முறை தள்ளத் தள்ள உள்ளே போகவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிப்போய், வாந்தி எடுத்து, முகம் சாம்பல் பூத்திருந்தது.

பலகையைப் பிடித்தபடியே ஓடிவந்த அவன் மனைவி குப்பம்மா, டாக்டரைப் பார்த்ததும் காலில் விழப்போனாள்.

"சாமி, எப்டினா இவர எழுப்பிக் குடுத்துடுங்க சாமி."

டாக்டர் வீரராகவன் அவளைத் தடுத்துவிட்டு நாகப்பனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். டாக்டருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கொரட்டூர் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டணம் போய் டாக்டருக்குப் படித்தவன். ஜம்புலிங்க முதலியார் தம் தாயார் நினைவாக அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் வந்து சேர்ந்தான். கத்தி பிடிப்பதில் கை சுத்தம் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கியிருந்தான்.

"இப்பவே அறுத்து உள்ள தள்ளித் தைக்கணும். விட்டா குடல் அழுகிடும்."

"பொழச்சிக்குவாரா சாமி?"

"பொழச்சிக்குவான். பயப்படாதே."

அதை அவன் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நாகப்பன் பிழைக்கக்கூடியவன்தான். பின்னால் வீரராகவனைத் தூங்கவிடாமல் அடித்ததும் அதுதான்.

கம்பவுண்டர் உலகநாதன் மயக்கத்துக்குக் குளோரோபாரம் கொடுத்தார். வீரராகவன் வயிற்றைத் திறந்தான். மாட்டிக்கொண்டிருந்த குடல் கருநீலமாக இருந்தது. இறுக்கத்தை வெட்டி விடுவித்து, வெந்நீர்த் துணியால் போர்த்திக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குடலில் ரத்தம் ஓடிச் சிவந்தது. இனி அதை உள்ளே விட்டுத் தைத்துவிட வேண்டியதுதான். குடல் உள்ளே போயிற்று. ஆனால் வீரராகவன் ஊசியைக் கேட்கவில்லை. வெட்டிய தோலின் ஓரத்தை விரலால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொழுப்பைத்தான் தேடினான்.

அவனுக்குப் பாடம் சொன்ன கங்காதரன் என்ற பேராசிரியர், மனித வயிற்றுக் கொழுப்பு எதனால் ஆனது என்று வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதன் தின்ற எண்ணெய் அவன் வயிற்றில் போய்த் தங்குகிறது என்பார். நல்லெண்ணெய் தின்கிறவன் கொழுப்பு ஒரு மாதிரி, நெய் தின்கிறவன் கொழுப்பு வேறு மாதிரி. அதை உருக்கி எடுத்து, எவ்வளவு அயோடினை இழுத்துக்கொள்கிறது என்று பார்த்தாலே, அந்த ஆள் என்ன தின்று வளர்ந்தான் என்று சொல்லிவிடலாம். அவருக்குக் கிடைத்த துண்டுகளெல்லாம் பட்டணத்துத் தொந்திகளிலிருந்து வந்தவை. வக்கீல்கள், மளிகைக்கடைக்காரர்கள், மிராசுதார்கள். "கூலிக்காரன் வயித்துலேர்ந்து ஒரே ஒரு துண்டு கொண்டா வீரராகவா. கட்டுரையில என் பேருக்குப் பக்கத்துல உன் பேரையும் போடறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்.

பருமனான நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போது வீரராகவன் ஒரு துண்டை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பியிருக்கிறான். அவர்களிடம் கேட்டதில்லை. தோலுக்கடியில் கிடக்கும் கொழுப்பில் கொஞ்சம் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நாகப்பனின் தோலுக்கடியில் எடுக்க எதுவுமே இல்லை. வெங்காயச் சருகு மாதிரி ஒரு மஞ்சள் படலம், அவ்வளவுதான். உள்ளே, குடலுக்கு மேலே திரைபோல் தொங்கும் சவ்வில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"சார், கொடலு உள்ள போயிட்ச்சே. தெச்சிடலாமா?" என்றார் உலகநாதன்.

"இருங்க, ஒரு நிமிஷம்."

அவன் அந்தத் திரையின் நுனியை வெளியே இழுத்தான். ஒரு நெல்லிக்காய் அளவு வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தக்குழாயை நூலால் கட்டினான். திரை விறைப்பாக இழுபட்டிருந்த நிலையில் போட்ட முடிச்சு அது. முடிச்சு இறுகிவிட்டது என்றுதான் அவன் கைக்குத் தோன்றியது. துண்டு ஸ்பிரிட் பாட்டிலுக்குள் விழுந்ததைப் பார்த்தபோது மனசுக்குள் ஒரு சின்னக் குதூகலம் எழுந்ததும் அவனுக்குத் தெரியும். பிறகு தைத்து முடித்தான்.

வெளியே வந்து குப்பம்மாவிடம், "நல்லபடியா முடிஞ்சிது" என்றான். அவள் அவன் நின்ற தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் நாகப்பனுக்கு நாடி வேகமாகிக்கொண்டே போயிற்று. உள்ளங்கை சில்லிட்டது. "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வீரராகவன் அவன் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தான், உள்ளே வெளுத்திருந்தது. அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மறுபடி திறந்தார்கள். வயிறு முழுக்க ரத்தம். தைத்த இடமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தத் திரையில் போட்ட முடிச்சு மட்டும் நழுவியிருந்தது. அதை மறுபடி கட்டினான்; தொடையில் உப்புநீர் ஏற்றினான். இன்னொருவர் ரத்தத்தை ஏற்றும் வசதி அப்போது பட்டணத்திலேயே அபூர்வம். விளக்கில் காற்று அடித்து முடிப்பதற்குள் நாகப்பன் போய்விட்டான்.

குப்பம்மா முதலில் அழவில்லை. டாக்டரின் சட்டையெல்லாம் ரத்தமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டாந்தபா வேற தொறந்து பார்த்தீங்களே சாமி. எங்க ஆளுங்களுக்கு யாரு இம்மாம் பாடுபடறாங்கோ? அவுரு விதி அம்மாந்தான்."

அவள் அவனைக் கும்பிட்டாள். அப்புறம்தான் பலகைமேல் விழுந்து அழுதாள்.

உலகநாதன் கத்திகளைக் கழுவினார். போகும்போது, "சார், ஜன்னல்ல அந்த பாட்லு கீது" என்றார். முகத்தை நிமிர்த்தவில்லை.

அதை வீசி எறிந்திருக்கலாம். எறிந்தால் ஓர் உயிர் ஒன்றுக்கும் உதவாமல் போனதாகிவிடும் என்று வீரராகவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது பாதி நிஜம். கிடைத்தற்கரிய துண்டு, அதை விட்டுவிட மனசு வரவில்லை என்பது மற்ற பாதி. அடுத்த வாரம் பூந்தமல்லி பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பட்டணம் போனான்.

மாசி பிறந்த பிறகு பேராசிரியர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றில் பொன்னிறமாக எண்ணெய் அசைந்தது.

"இது ஒரு எண்ணெய் வியாபாரி. ஐஸ்ல வெச்சாலும் உறையறதுக்கு அடம் பிடிக்கிறான். இப்ப இதைப் பாரு."

இன்னொன்றில் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது.

"உன் ஆளு. அயோடினை எவ்வளவு கம்மியா இழுக்குது தெரியுமா? எண்ணெயே கண்ணால பார்க்காத உடம்புய்யா இது. வெறும் கஞ்சி, களி. அதுலேர்ந்து உடம்பு தானே தயார் பண்ணின கொழுப்பு. உழைக்கிறவன் உடம்பு வர்றதை அன்னன்னிக்கே எரிச்சிடும். அதுக்கு மேல இவ்வளவு மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கு பாரு. ஒரு பஞ்ச காலம் வந்தா தாங்கறதுக்கு. அற்புதம்!"

வீரராகவன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் செத்துட்டான் சார்."

"அடடா. குடல் அழுகியிருந்துதா?"

"இல்ல சார். குடல் சரியாயிடுச்சு. இந்தத் துண்டை வெட்டின இடத்துல கட்டு நழுவிடுச்சு. அதனாலதான் செத்தான்."

பேராசிரியர் குழாயை மெதுவாகக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார் கடைசியில்.

அந்த வார்த்தையோடு வீரராகவன் திரும்பி வந்தான். வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் குப்பம்மா துடைப்பத்தோடு நின்றாள். முதலியார் இரக்கப்பட்டு அவளைப் பெருக்கிக் கழுவும் வேலைக்கு வைத்திருந்தார்.

தினமும் அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. நாகப்பன் கிடந்த அறையின் தரையை அவள் குந்தியபடி தேய்த்துக் கழுவுவாள். வீரராகவன் எதிரே வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்பாள். காத்திருக்கும் நோயாளிகளிடம் அவள் பேசுவது அவன் அறைவரை கேட்கும்.

"பயப்படாத போம்மே. எங்கூட்டுக்காரர காப்பாத்தறதுக்கு ரெண்டு தபா கத்தி வெச்சாரு இந்த சாமி. சட்டையெல்லாம் ரத்தம். அப்டிப்பட்ட டாக்டரு."

அவள் சொல்லைக் கேட்டு முன்பு வராத சேரிக்காரர்களெல்லாம் வந்தார்கள். கூட்டம் பெருகியது. முதலியார் சந்தோஷப்பட்டார். வீரராகவனுக்குச் சோறு இறங்கவில்லை. மோரில் வெண்ணெய் மிதந்தால்கூடக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவான். அவனுடைய மனைவி முத்தம்மாள், "இன்னா ஆச்சு உங்களுக்கு? ஒடம்பு பாதியா போயிட்ச்சே" என்று கேட்டபோதெல்லாம் வெயிலைக் காரணம் சொன்னான். ஒரு நாள் குப்பம்மா தன் கொல்லையில் காய்த்த முதல் சுரைக்காயை அவன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சுரைக்காயை அவனால் வீட்டுக்கும் எடுத்துப்போக முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. அங்கேயே கிடந்து வாடியது.

பங்குனியில் ஒரு முற்பகல், கிணற்றடியில் துணிகளை அலசிக்கொண்டிருந்தவள் எதிரே போய் நின்றான்.

"குப்பம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சொல்லுங்க சாமி."

"சாமின்னு சொல்லாதே. நாகப்பன் விதியால சாகல. என்னாலதான் செத்தான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "நீங்க இன்னா பண்ணுவீங்கோ…"

"கேளு. குடல் சரியா போயிடுச்சு. நான் தைச்சிருக்கணும். அதுக்கு முன்னால அவன் வயித்துக்குள்ளேர்ந்து கொஞ்சம் கொழுப்பை வெட்டி எடுத்தேன். பட்டணத்துல ஒருத்தர் பரீட்சை பண்றதுக்கு. அவனுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. வெட்டின இடத்துல ரத்தம் கசிஞ்சிதான் செத்தான்."

அவளுக்கு அது விளங்க நேரம் பிடித்தது. வாளியிலிருந்த தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஆட்டுக்கு எடுக்கற மாதிரியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"எம்மாம்?"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளைத்துக் காட்டினான்.

"அத்தினிக்கா?" அவள் குரல் உயரவில்லை. "அத்தினிக்கோண்டுதுக்கா எங்கூட்டுக்காரர கொன்னே?"

அவன் நின்றான். அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அது நடந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது எங்க கீது இப்போ?"

"பட்டணத்துல. ஒரு கண்ணாடிக் குழாயில."

"அவுரு இங்க மண்ணுக்குள்ள கீறாரு. அவுரு ஒடம்பு பட்டணத்துல கீதா?" அவள் மூச்சு வாங்கினாள். "போய் எடுத்துகினு வா. எடுத்துகினு வந்து என் கையில குடு."

பக்கத்தில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக் கிணற்றுச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தாள். அதன்பின் வேலைக்கு வரவில்லை.

வீரராகவன் மறுநாளே பட்டணம் போனான். பேராசிரியர் முதலில் முடியாது என்றார். ஒரு மனிதன் செத்துப் போயாயிற்று, அவனிடமிருந்து கிடைத்த அறிவையாவது விட்டு வைக்கலாம் அல்லவா என்று வாதாடினார். அந்த வாதம் வீரராகவனுக்கு நன்றாகத் தெரியும். அவனே தனக்குச் சொல்லிக்கொண்ட வாதம்தான்.

"அது நம்மளோடது இல்ல சார். அவன் பெண்டாட்டி கேக்கறா."

"இதைக் கொடுத்துட்டா கட்டுரையில இந்தக் கணக்கையே சேர்க்க முடியாது. உன் பேரும் வராது."

"வர வேண்டாம் சார்."

பேராசிரியர் குழாயை எடுத்து வந்து அவன் கையில் வைத்தார். கோபமாகத்தான் வைத்தார். ஆனால் வாசல்வரை கூடவே வந்து, சொல்ல ஏதோ இருப்பதுபோல் நின்றுவிட்டுத் திரும்பினார்.

பஸ்ஸில் வெயில் காய்ந்தது. உறைந்திருந்தது இளகித் தெளிந்து, குழாய்க்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வழியெல்லாம் அதை வேட்டி மடிப்புக்குள் வைத்துக் கையால் மறைத்துக்கொண்டே வந்தான். சேரிக்குள் அதுவரை அவன் நோயாளி பார்க்க மட்டுமே போயிருக்கிறான். குப்பம்மாவின் குடிசை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நாகப்பனின் தம்பி சின்னசாமியும், அவன் மனைவி பொன்னியம்மாவும், இன்னும் பலரும் அங்கே இருந்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

குப்பம்மா குழாயை வாங்கி வெயிலில் பிடித்தாள்.

"எண்ண மாதிரி கீது. இதுவா அவுரு?"

"அவனோடதுதான். உருக்கி எடுத்ததுல மிச்சம் இவ்வளவுதான்."

"அந்த ஒடம்புல இப்டி ஒண்ணு இருந்துச்சா?" என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். "எலும்பும் தோலுமாத்தானே இருந்தாரு."

சின்னசாமி பாய்ந்து வந்து டாக்டரின் சட்டையைப் பிடித்தான்.

"கஞ்சி குடிக்கறவன் வயித்துல கொழுப்பு தேடினியா? யாருக்குய்யா கொழுப்பு? எங்கண்ணனுக்கா, ஒனக்கா?"

வீரராகவன் அவன் கையை விலக்கவில்லை. சட்டை கிழிந்தது. இரண்டு பேர் வந்து சின்னசாமியை இழுத்தார்கள். டாக்டரை அடித்தால் போலீஸ் சேரிக்குள் வரும் என்ற பயம் அவர்களுக்கு. குப்பம்மா யாரையும் பார்க்காமல், குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு, கணவனைப் புதைத்த இடத்துக்கு நடந்தாள். அவளை எல்லாரும் பின்தொடர்ந்தார்கள். வீரராகவனை யாரும் கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. அவன் கிழிந்த சட்டையோடு ரோட்டுக்குத் திரும்பினான்.

அன்று இரண்டு மாதத்தில் முதல் முறையாகப் படுத்தவுடன் தூங்கினான். முத்தம்மாளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். பாரம் இறங்கிவிட்டதாக நினைத்தான்.

இரண்டே வாரத்தில் ஆஸ்பத்திரி காலியாயிற்று. ஒரு நெல்லிக்காய் அளவு என்பது ஊருக்கு ஊர் வளர்ந்தது. டாக்டர் ஏழைகளின் கொழுப்பை உருக்கிப் பட்டணத்துக்கு விற்கிறான், அதில் வெள்ளைக்காரன் மெழுகுவத்தி செய்கிறான் என்று திருவேற்காடு வரைக்கும் பேச்சு. சேரிக்காரர்கள் மட்டுமில்லை, குடியானவர்களும் வருவதை நிறுத்தினார்கள். வீரராகவனும் உலகநாதனும் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வைகாசியில் மேனாம்பேட்டிலிருந்து மதுரைவீரன் என்ற வண்டிக்காரனைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கும் குடல் இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது. மாட்டுவண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. உள்ளேயிருந்து வீரராகவன் ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் மதுரைவீரன் வண்டியில் எழுந்து உட்காரப் பார்த்து, "வாணாம், இவன் கையில வாணாம், பட்டணத்துக்கு ஓட்டு" என்று அலறினான். வண்டி போய்விட்டது. மதுரவாயல் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டதாக மறுநாள் செய்தி வந்தது.

அன்று ஜம்புலிங்க முதலியார் வந்தார்.

"நான் ராஜினாமா பண்ணிடறேன்" என்றான் வீரராகவன்.

"பண்ணிட்டு? இன்னொருத்தர் வந்தா மட்டும் இந்தப் பெஞ்சு நெறஞ்சிடுமா?" முதலியார் களைத்துப்போயிருந்தார். "ஒண்ணு கேக்கறேன் டாக்டர். அவகிட்ட போய்ச் சொன்னீங்களே, அவ மனசு ஆறணும்னு சொன்னீங்களா, உங்க மனசு ஆறணும்னு சொன்னீங்களா?"

வீரராகவனுக்கு விடை தெரியும். நாகப்பனின் சாவைப் பொய்யால் மூடியிருந்தபோது இந்தப் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. உண்மையைச் சொன்னதும் இன்னொருவன் வண்டியிலேயே செத்தான். இரண்டு சாவுக்கும் கணக்கு அவன் வாசலில்தான் வந்து நின்றது. பொய்யே சொல்லிக்கொண்டிருந்திருக்கலாமோ என்று யோசித்துப் பார்த்தான். அதுவும் முடிந்திருக்காது. அந்தச் சுரைக்காயின் எதிரே இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் அவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஆடி மாதம் ஒரு விடியற்காலை, அவன் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது கூண்டு வண்டி ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கியது குப்பம்மா. உள்ளே சின்னசாமியின் மனைவி பொன்னியம்மா கிடந்தாள். தலைப்பிள்ளை. இரண்டு நாளாக வலி. குழந்தை குறுக்கே திரும்பிக் கிடந்தது. ஒரு கை வெளியே வந்துவிட்டிருந்தது. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். வண்டிக்குப் பின்னால் சின்னசாமி தலையில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்திருந்தான்.

"வாணாம்னு சொல்றேன், கேக்கறியா அண்ணி? அண்ணன கொன்னவன்கிட்டயே இட்டாந்துட்டியே!"

"பட்டணம் போறவரிக்கும் இவ தாங்க மாட்டா. நீ கம்முனு குந்து." குப்பம்மா வீரராகவன் பக்கம் திரும்பினாள். "இவள பொழைக்க வெக்க முடியுமா, முடியாதா? நெசத்த சொல்லு."

அவன் வண்டிக்குள் ஏறிப் பொன்னியம்மாவைப் பார்த்தான். நாடி இருந்தது. வயிற்றில் காது வைத்துக் கேட்டான். குழந்தையின் இதயமும் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. பிழைப்பாள் என்ற வார்த்தை அவன் நாக்கில் வரவில்லை.

"வயித்தைக் கீறித்தான் எடுக்கணும். பொழைக்கலாம். பொழைக்காமலும் போகலாம். கீறலைன்னா ரெண்டு உசிரும் போயிடும்."

"கீறு. ஆனா நான் உள்ள நிப்பேன். நீ கத்தி வெக்கறதுலேர்ந்து தெச்சி முடிக்கற வரிக்கும் பக்கத்துலயே நிப்பேன். உள்ளேர்ந்து எது வெளிய வந்தாலும் என் கையிலதான் குடுக்கணும்."

உலகநாதன் தயங்கினார். "அதெல்லாம் வழக்கம் கெடையாதும்மா. ரத்தத்த பாத்து மயக்கம் போட்டுட்டா…"

"நிக்கட்டும்" என்றான் வீரராகவன். "அவளுக்கும் சோப்பு குடுங்க. முழங்கை வரைக்கும் கழுவணும்."

குப்பம்மா மேஜையின் அந்தப் பக்கம் நின்றாள். உலகநாதன் பொன்னியம்மாவின் மூக்கில் குளோரோபாரத் துணியை வைத்தார். வீரராகவன் கத்தியைக் கையில் எடுத்தான், கை நின்றுவிட்டது. நாகப்பனுக்குப் பிறகு அவன் யார் வயிற்றையும் திறக்கவில்லை. எதிரே இருந்த இரண்டு கண்களும் அவன் கையைவிட்டு அசையவில்லை.

"இன்னாத்துக்கு நிக்கறே? வையி" என்றாள்.

அவன் கீறினான். பொன்னியம்மாவின் தோலுக்கடியிலும் அதே மெல்லிய மஞ்சள் படலம்தான். அதைக் கடக்கும்போது குப்பம்மா குனிந்து பார்த்தாள்.

"அது இன்னா?"

"கொழுப்பு."

"இவ்ளோதானா?"

"இவ்வளவுதான்."

கருப்பையைத் திறந்து காலைப் பிடித்துக் குழந்தையை வெளியே எடுத்தான். பெண். நீலம் பாரித்திருந்தது. உலகநாதன் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தட்டினார். குழந்தை விக்கியது, பிறகு வீறிட்டது. வெளியே சின்னசாமி "ஐயோ" என்று கத்தியது கேட்டது. அது சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. நஞ்சுக்கொடியை வீரராகவன் இரண்டு கையாலும் எடுத்து மேஜைக்கு மேலாக நீட்டினான். குப்பம்மா அதை மண்சட்டியில் வாங்கிக்கொண்டாள். ரத்தம் ஒற்றிய துணிகளையும் ஒவ்வொன்றாக அவளிடமே கொடுத்தான். அவள் அவற்றை விரித்துப் பார்த்து ஒரு பக்கம் போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் அவன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். தைத்து முடிக்கும்போது அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பொன்னியம்மாவுக்கு மதியம் நினைவு திரும்பியது. சாயங்காலம் நாடி பார்த்தான், நிதானமாக இருந்தது. விடியும்வரை கட்டிலின் காலடியிலேயே உட்கார்ந்து அடிக்கொருதரம் பார்த்தான். சுவரோரம் குப்பம்மாவும் தூங்காமல் குந்தியிருந்தாள். விடிந்ததும் அவள் வெளியே போய் வாசலில் காத்திருந்தவர்களிடம், "நான் பாத்துகினுதான் இருந்தேன். ஒண்ணும் எடுக்கல" என்றாள். சின்னசாமி டாக்டரின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

அவள் மண்சட்டியோடு கிளம்பும்போது வீரராகவன் பின்னாலேயே வந்தான்.

"குப்பம்மா, இவ்வளவுக்கு அப்புறமும் என்னை நம்பி வந்தியே…"

"ஒன்ன நம்பி யாரு வந்தா?" அவள் நின்றாள். "ஒனக்கு வேல தெரியும்னு வந்தேன். எங்கூட்டுக்காரர் போனத நான் மறக்க மாட்டேன். மன்னிச்சேன்னும் சொல்ல மாட்டேன், அத்த எதிர்பாக்காத. எங்க ஆளுங்க யார் மேல கத்தி வெச்சாலும் சொல்லி அனுப்பு. நான் வந்து நிப்பேன்."

"சொல்லி அனுப்பறேன்."

அப்படித்தான் நடந்தது. யுத்தம் வந்து ஆவடியில் ராணுவம் இறங்கி, பட்டணத்திலிருந்து நல்ல சம்பளத்துக்கு அழைப்பு வந்தபோதும் வீரராகவன் வேலப்பன்சாவடியை விட்டுப் போகவில்லை. கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பியது. அறுவைக்கு முன்னால் நோயாளியின் சொந்தக்காரர்கள் உலகநாதனிடம், "குப்பம்மா உள்ள நிக்கறாளா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அவள் நின்றாள். அவனைச் சாமி என்று மறுபடி அவள் கூப்பிடவே இல்லை. அவனும் அந்தப் பார்வைக்குப் பழகிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் கத்தியை எடுக்கும்போது அவன் கை ஒரு கணம் நிற்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து "வையி" என்று குரல் வரும், அதன்பின் கீறுவான்.